பத்து நிமிடம் கூட்டும் வசதி

மே 4, திங்கள்

காலையில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டது. கொடுத்தேன். நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்குள் இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன், நேற்றைய சாம்பாரைச் சுடவைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் திரையின் மூலையில் இருந்த கடிகாரம் என்னுடையதாக இல்லை.

முன்பு அதில் வினாடி ஓடும். கிழமை தமிழில் முழுதாக வரும். எழுத்தைப் பெரிதாக்கலாம். ‘காட்சியில் மட்டும் நிமிடங்களைக் கூட்டு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நான் பத்து என்று போட்டு வைத்திருந்தேன். கணினிக்குள் சரியான நேரம் ஓடும், என் கண்ணுக்கு மட்டும் பத்து நிமிடம் கூட்டிக் காட்டும்.

இப்போது அமைப்புகளைத் திறந்தால் இரண்டே கேள்விகள். பன்னிரண்டு மணிக் கணக்கா, இருபத்துநான்கா? தேதி வேண்டுமா, வேண்டாமா? சாப்பாட்டுக் கடையில்கூட இதைவிட அதிகம் கேட்பார்கள்.

மதியம் முழுவதும் தேடினேன். எங்கோ ஒளித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒளிக்கவில்லை, எடுத்தே விட்டார்கள். யாரைக் கேட்டு எடுத்தார்கள்?

என் மனைவி நவமணி கோத்தகிரியில் இருக்கிறாள். போன ஜூனில் தலைமையாசிரியையாகப் பதவி உயர்ந்து போனாள். கோடை விடுமுறைக்கும் வரவில்லை. ஆய்வகக் கட்டட வேலை நடக்கிறதாம். இருக்கட்டும். கடிகாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், இது எதற்கு இங்கே?

மே 5, செவ்வாய்

எதிர்பார்த்தது நடந்தது.

பதினோரு மணிக்கு, நான் பாடநூல்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் நிறுவனத்தின் இணையவழிக் கூட்டம். மூலையில் 10:55 என்று இருந்தது. அப்படியானால் 10:45 என்று கை தானாகவே பத்தைக் கழித்துக்கொண்டது. எழுந்து போய் மோர் கரைத்துக் குடித்தேன். உள்ளே நுழைந்தபோது பாடங்களைப் பிரித்துக் கொடுத்து முடித்திருந்தார்கள். பதினோராம் வகுப்பு இயற்பியல், இருபத்தாறு வருடம் நான் கல்லூரியில் கற்பித்த பாடம், யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. எனக்கு மூன்றாம் வகுப்பு, ‘நம்மைச் சுற்றியுள்ள பூச்சிகள்’.

கடிகாரத்தைச் சொல்லாமல் சரிசெய்து என் காலை வாரிவிடுவது இது இரண்டாவது முறை.

முதல் முறை பதினோரு வருடத்துக்கு முன்பு. துறைத்தலைவர் பதவிக்கான நேர்காணல், காலை பத்து மணி. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கல்யாணமான நாளிலிருந்தே பத்து நிமிடம் முன்னே ஓடுவது. நவமணி வைத்த ஏற்பாடு அது. மற்ற வீடுகளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காக அப்படி வைப்பார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் தனக்காக வைத்தாள். எனக்கும் கழித்துப் பார்க்கப் பழகிவிட்டது. நேர்காணலுக்கு முந்தின இரவு அவள் புது பேட்டரி போட்டுச் சரியான மணியை வைத்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. காலையில் நான் வழக்கம்போலக் கழித்தேன். கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் எனக்கில்லை. நிதானமாக இரண்டாவது காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். போகும் வழியில் ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது பத்து மணி பன்னிரண்டு நிமிடம். என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அடுத்தவரை உள்ளே அழைத்திருந்தார்கள். அந்த அடுத்தவர் ஐசக் பொன்னையா. என்னைவிட நான்கு வருடம் இளையவர்.

எட்டு வருடம் பொன்னையாவின் கீழே வேலை பார்த்தேன். விடுப்புக்கு அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அதற்கு மேல் முடியாமல் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன்.

மே 6, புதன்

கடிகாரத்தை உருவாக்குகிறவர்களின் தளத்தில் புகார் எழுதினேன். உலகெங்கும் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள்; சம்பளமில்லாமல் செய்கிறார்கள். சம்பளம் இல்லாததால் மற்றவர் கடிகாரத்தில் கைவைக்கலாம் என்றாகிவிடாது.

படிவத்தில் ஒரு கட்டம்: ‘இந்த வசதி உங்களுக்கு எதற்காகத் தேவை?’ கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். ‘பயனரின் சுதந்திரம்’ என்று நிரப்பினேன்.

மே 7, வியாழன்

பூச்சிகள். தட்டாரப்பூச்சிக்கு ஆறு கால் என்பதை எழுத எனக்கு முனைவர் பட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

மே 8, வெள்ளி

பதில் வந்திருக்கிறது. மார்ட்டா என்று ஒரு பெண். எந்த நாடு என்று தெரியவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்த வசதிகளை மிகச் சிலரே பயன்படுத்தினார்களாம். ஒவ்வொன்றையும் பராமரிக்க ஆள் வேண்டுமாம். ‘சுதந்திரம் என்பதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் நீங்கள் அந்தக் கடிகாரத்தை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று சொன்னால் உதவ முடியும்’ என்று முடித்திருந்தாள்.

கடிகாரத்தை வைத்து என்ன செய்வார்கள்? மணி பார்க்கிறேன்.

மிகச் சிலரில் ஒருவனாக இருப்பது எனக்குப் புதிதில்லை. திருச்சபைக் கமிட்டித் தேர்தலில் எனக்கு விழுந்தது பதினேழு ஓட்டு.

மே 10, ஞாயிறு

ஞாயிறு மூன்று மணிக்கு நவமணி கூப்பிடுவாள். சிலிண்டர் வந்ததா, மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்பாள். வந்தது, கட்டியாயிற்று என்பேன். பிறகு அவள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்வாள்.

இன்று அதெல்லாம் முடிந்தபின் ஒன்று கேட்டாள். இந்த வருடத்துக்கான மாறுதல் விண்ணப்பம் திறந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் இரண்டு இடம் காலியாகிறது. இருபத்தைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் பதிய வேண்டும். இப்போது விட்டால், ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, அங்கேயே முடித்துக்கொள்வதாக எண்ணம்.

“எழுதட்டுமா?”

“உன் இஷ்டம்” என்றேன்.

“என் இஷ்டத்தக் கேக்கல. நீங்க வரச் சொல்லுதீங்களா? அதத்தான் கேக்கேன்.”

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் இல்லை.

அவள் போகும்போது நானா போகச் சொன்னேன்? பதவி உயர்வு ஆணையைக் கொண்டுவந்து காட்டினாள். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்: நீயாவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாயே என்று. அது வாழ்த்து இல்லையா?

வரச் சொல்வது பெரிய காரியமில்லை. அதற்கு முன்பு அவள் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. கடிகாரத்தைத் தொட்டது என் தப்பு என்று ஒரு வார்த்தை. பதினோரு வருடமாகக் காத்திருக்கிறேன்.

மே 11, திங்கள்

இன்று நேபாளத்துக்குக் குடிபெயர்ந்தேன்.

நேரத்தைக் கையால் மாற்றி வைத்தால் வேறு தொல்லை. நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைய முப்பது வினாடிக்கு ஒருமுறை கணினி மாற்றித் தரும் ஆறு இலக்க எண் வேண்டும். கணினியின் நேரம் பிசகினால் அதை ஏற்பதில்லை. காலையில் முயன்று மூன்று தடவை வெளியே தள்ளப்பட்டேன். பிறகுதான் தோன்றியது. ஊரை மாற்றினால் என்ன? ஊர் மாறினாலும் உள்ளே ஓடும் நேரம் மாறாது. பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காத்மாண்டு நம்மைவிடச் சரியாகப் பதினைந்து நிமிடம் முன்னே. பத்து கேட்டேன், பதினைந்து கிடைத்தது.

ஒரே இடைஞ்சல், வானிலையும் கூடவே மாறிவிட்டது. மூலையில் ‘மழை, 19 டிகிரி’ என்று காட்டுகிறது. பாளையங்கோட்டையில் இன்று முப்பத்தொன்பது.

மார்ட்டாவுக்கு எழுதினேன்: காத்மாண்டு நேரத்தை வைத்து உங்கள் உதவி இல்லாமலே சமாளித்துவிட்டேன், என் கடிகாரம் முன்னே ஓட வேண்டும், அவ்வளவுதான்.

மே 13, புதன்

பக்கத்து வீட்டு பால்துரை அண்ணாச்சி வந்தார். தபால் துறையில் ஓய்வு பெற்றவர். தன் ஸ்கூட்டரை என் வாசலில் நிறுத்துவதைப் பற்றி நாலு வருடத்தில் ஆறு முறை சொல்லியிருக்கிறேன். இன்று அதைப் பேசத்தான் வந்தார் என்று நினைத்தால், ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்றைக் கணினியில் எப்படிப் பதிவது என்று கேட்க வந்திருக்கிறார். செய்து கொடுத்தேன். மூலையைப் பார்த்துவிட்டார்.

“என்ன ஓய், ஒம்ம பொட்டில மழ பெய்யிது?”

நேபாள நேரம் என்று விளக்கினேன். காரணத்தையும் சொன்னேன். பெரிய அறிவாளி ஓய் நீரு என்று தலையை ஆட்டிவிட்டு, டீச்சர் எப்ப வாராவ என்று கேட்டார். வேலை அதிகம் என்றேன்.

“பெறவென்ன, குளுருத ஊருக்குத்தான் குடிபோறதுன்னு ஆயிட்டு. காத்மாண்டுக்குப் போனவரு கோத்தகிரிக்குப் போயிருக்கலாம்லா? பஸ்ஸே இருக்கு.”

தபால்காரர்களுக்கு அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரம் இல்லாமல் பொழுது போகாது. ஸ்கூட்டரை எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

மே 16, சனி

மார்ட்டா எழுதியிருக்கிறாள். காத்மாண்டுவைப் படித்துச் சிரித்தாளாம். பிறகு ஒரு கேள்வி. ‘கடிகாரம் பத்து நிமிடம் முன்னே ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால் கழித்துக்கொள்கிறீர்கள். கழித்தபின் கிடைப்பது சரியான நேரம்தானே? அப்படியானால் அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கு என்ன செய்கிறது? தவறாக எண்ண வேண்டாம், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.’

கல்யாணமான இரண்டாம் வாரம் இதே கேள்வியை நான் நவமணியிடம் கேட்டேன். கேலியாகக் கேட்டேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “இன்னும் கொஞ்சம் கையில இருக்குன்னு ஒரு நெனப்பு. அது போதும் எனக்கு.”

பூச்சிகளில் எறும்புவரை முடித்தேன்.

மே 17, ஞாயிறு

நவமணி கூப்பிட்டாள். சிலிண்டர், மின்கட்டணம். நீண்ட நேரம் பேசினாள். மாறுதலைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வைக்கும்போது மட்டும், இருபத்தைந்து அஞ்சு மணி, ஞாபகம் இருக்குல்லா என்றாள். இருக்கிறது என்றேன்.

நேர்காணலுக்கு முந்தின இரவே கடிகாரத்தைப் பற்றி என்னிடம் சொன்னதாக அவள் சொல்வாள். தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் சொல்கிறாள். இதையும் எழுதி வைப்பதுதான் நியாயம்.

மே 19, செவ்வாய்

மார்ட்டாவுக்கு இன்று கோபமாக எழுதினேன். பத்து நிமிடம் என்ன செய்கிறது என்பது என் சொந்த விஷயம். சொல்லாமல் மாற்றியதுதான் குற்றம். ஒரு மனிதன் நம்பியிருக்கும் ஒன்றை மாற்றும்போது முன்கூட்டிச் சொல்வதுதான் பண்பு. சொல்லாததால் எனக்கு நேர்ந்த இழப்பு இன்னது. ஒரு பக்கம் வந்தது.

மாலையே பதில் வந்தது, ஒரு படத்துடன். புதுப்பிப்பதற்கு முன்பு எல்லாருடைய திரையிலும் தோன்றிய அறிவிப்பு. நான்காவது வரி: ‘கடிகாரக் காட்சியில் நிமிடங்களைக் கூட்டும் வசதி நீக்கப்படுகிறது.’ கீழே, ‘படித்தேன், சரி’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தாமல் புதுப்பிப்பு தொடங்கவே தொடங்காதாம். ஏப்ரலில் முன்னறிவிப்பாக இரண்டு முறையும் மே நான்காம் தேதி ஒருமுறையும் காட்டியிருப்பார்களாம்.

‘ஒருவேளை உங்கள் கணினியில் மட்டும் தோன்றாமல் போயிருக்கலாம். அப்படியானால் அது எங்கள் பிழை. சொல்லுங்கள், பார்க்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாள்.

தோன்றியது. மூன்று முறையும் அழுத்தினேன். ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறதே என்று அழுத்தினேன்.

மே 20, புதன்

எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் வரவில்லை.

மே 22, வெள்ளி

வண்ணத்துப்பூச்சியோடு மூன்றாம் வகுப்பு முடிந்தது. அனுப்பிவிட்டேன். வேறு வேலை இல்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

நேர்காணலுக்கு முந்தைய மூன்று நாளும் நான் நவமணியோடு பேசவில்லை. ஐசக் பொன்னையா நன்றாகப் பாடம் நடத்துகிறாராம் என்று, தன் பழைய மாணவி ஒருத்தி சொன்னதை, அவள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். அதன்பின் மூன்று நாள் அவள் எது சொன்னாலும் ‘ம்’ என்பேன், நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

முந்தின இரவு நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். பேட்டரி மாற்றினாள். கைப்பேசியைப் பார்த்து மணி வைத்தாள். இறங்கி, முந்தானையால் கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்கு மட்டும் சரியான மணி வச்சிருக்கேன். கூட்டிக் கழிச்சுக் கொழம்ப வேண்டாம். கேட்டுச்சா?”

‘ம்’ என்றேன்.

சொன்னாள். என் காதில் விழுந்தது. காலையில் கடிகாரத்தைப் பார்த்தபோது அது ஞாபகத்தில் இல்லை, அது உண்மை. ஆனால் ரயில்வே கேட்டில் நின்றபோது ஞாபகம் வந்துவிட்டது. கேட்டின் மறுபக்கம் ஒரு மாட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அவள் சொல்லவில்லை என்று முடிவு செய்தேன். கேட் திறப்பதற்குள் அதை நானே நம்பிவிட்டேன்.

பதினோரு வருடமாக அவள் மன்னிப்புக் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மே 23, சனி

மார்ட்டாவுக்கு இரண்டு வரி: ‘அறிவிப்பு தோன்றியது. நான்தான் படிக்கவில்லை.’

மே 24, ஞாயிறு

மூன்று மணிக்கு அழைப்பு வரவில்லை. மூன்றரைக்கும் வரவில்லை. நான்கு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி: ‘சேர்க்கை வேலை. இன்று பேச முடியாது.’ இருபத்தைந்தைப் பற்றி ஒன்றுமில்லை. போன வாரமே கடைசியாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

போன ஞாயிறு அவள் என்ன பேசினாள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சிலிண்டர், மின்கட்டணம். அதற்குமேல் வரவில்லை. கைப்பேசி இருபத்து மூன்று நிமிடம் பேசியதாகக் காட்டுகிறது. அந்தச் சிலிண்டருக்கும் மின்கட்டணத்துக்கும் ஒரு நிமிடம் போயிருக்கும். மீதி இருபத்திரண்டு நிமிடம் அவள் எதைப் பற்றிப் பேசினாள்?

உட்கார்ந்து யோசிக்க யோசிக்கத் துண்டு துண்டாக வந்தது. பிளஸ் டூ தேர்வு முடிவு. இயற்பியலில் ஒரு பெண் தொண்ணூற்றாறு; தேயிலை பறிக்கிறவர் மகள். அவள் பெயரைச் சொன்னாள், எனக்கு நினைவில்லை. இயற்பியல் ஆசிரியர் பணியிடம் ஒரு வருடமாகக் காலி. நவமணி, வரலாறு படித்தவள், இரவில் புத்தகத்தை வைத்துப் படித்து மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒருமுறை, மின்தூண்டல் பாடம் புரியவில்லை என்று என்னிடம்கூடக் கேட்டாள் என்று நினைக்கிறேன். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்குத் தெரிகிறது.

நாளை ‘வா’ என்று சொன்னால் வந்துவிடுவாள். அந்த ஆய்வகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவாள். சொல்லாவிட்டால் வரமாட்டாள். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு நாள் இருக்கிறது.

மே 25, திங்கள்

காலையிலிருந்து கணினிமுன் உட்கார்ந்திருந்தேன். வேலை எதுவும் இல்லை. திரையில் 3:10 என்றால், 2:55தான், இன்னும் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கிறது என்று கழித்தேன். 3:50 ஆனது, 3:35தான் என்று கழித்தேன். 4:20 ஆனபோதும் கை கழிக்கப் போயிற்று. எத்தனை கழித்தாலும் ஐந்து மணி ஐந்து மணிக்குத்தான் வரும். எழுந்து முற்றத்துக்குப் போய் அங்கிருந்து கூப்பிட்டேன். அவளை நான் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகிறது.

“என்ன, அதிசயமா இருக்கு? திங்கக்கெழம” என்றாள். பின்னால் பெஞ்சு இழுக்கிற சத்தம்.

முன்னுரை யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

“அன்னைக்கு ராத்திரி நீ சொன்ன. கடிகாரத்தச் சரியா வச்சிருக்கேன்னு சொன்ன. நான் ‘ம்’ போட்டேன்.”

பெஞ்சுச் சத்தம் தள்ளிப்போயிற்று. அறையை விட்டு வெளியே வந்திருப்பாள்.

“எனக்குத் தெரியுமே” என்றாள். “நான்தான சொன்னேன்.”

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. பதினோரு வருடமாக நான் கட்டிக் காத்ததற்கு அவள் பக்கத்தில் எந்தக் குழப்பமும் இருந்ததே இல்லை.

பிறகு அவள், இத இப்ப சொல்லுதது வரச் சொல்லுததுக்கா என்று கேட்டாள். மணி ஆகுது, வலைத்தளம் மெதுவா இருக்கு, எழுதணும்னா இப்பவே உக்காரணும் என்றாள்.

“எழுத வேண்டாம்” என்றேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. அவசரமாகத் தொடர்ந்தேன். “நீ அங்கயே இரி. நான் அங்க வரலாமான்னு கேக்கேன்.”

அந்தப் பக்கம் யாரோ ‘மேடம்’ என்று கூப்பிட்டார்கள். இருங்க என்று சொன்னாள். அவர்களிடமா, என்னிடமா?

“யோசிச்சுச் சொல்லுதேன்.”

“அஞ்சு மணிக்குள்ளயா?”

“அஞ்சு மணி என் விண்ணப்பத்துக்கு. ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம சொல்லுதேன்.”

வைத்துவிட்டாள். ஐந்து மணிவரை முற்றத்திலேயே நின்றேன். ஐந்தும் கடந்தது. விண்ணப்பிக்கவில்லை என்று அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இனி மாறுதல் இல்லை. ஒத்துக்கொண்டதால் ஏதாவது கிடைக்கும் என்று எண்ணியிருந்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எண்ணியிருந்தேன்.

மே 26, செவ்வாய்

பால்துரை அண்ணாச்சி ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 28, வியாழன்

மின்தூண்டல் பாடத்தை எளிய தமிழில் எழுதத் தொடங்கினேன், வரலாறு படித்தவர்களுக்கும் புரிகிற மாதிரி. ஆறு பக்கம் வந்தது. யாருக்கு என்று மேலே போடவில்லை. அவள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் இதைத் தபாலில் அனுப்பலாம்.

மே 30, சனி

தலையணை உறைகளைத் துவைத்தேன். நாளை ஞாயிறு.

அவள் இடத்தில் நான் இருந்தால் என்னை வரச் சொல்வேனா? வரச் சொல்ல மாட்டேன்.

மே 31, ஞாயிறு

மூன்று மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கூப்பிட்டாள். சிலிண்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஒரு மாசம் வந்து இருங்க. பாப்போம். ஒத்துவந்தா இருக்கலாம். இல்லன்னா பஸ் இருக்கு” என்றாள்.

சரி என்றேன். உடனே, அவசரப்பட்டு சரி சொல்லாதீங்க, மொதல்ல முழுசாக் கேளுங்க என்றாள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும் திருப்பி வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். ஒன்றை விட்டிருந்தேன், திருத்தினாள்.

அவள் சொன்னவை, சொன்ன வரிசையிலேயே:

ஜூன் பதினைந்துக்கு மேல் வர வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த அலைச்சல் அடங்கட்டும்.

கம்பளிச் சட்டை அங்கே வாங்கிக்கொள்ளலாம். இங்கே தேடி அலைய வேண்டாம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் இயற்பியல் எடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது. அவர்களிடம் குரலை உயர்த்தக் கூடாது. (விட்டது இதைத்தான்.)

அந்தத் தொண்ணூற்றாறு வாங்கிய பெண்ணின் பெயர் மஞ்சரி. எதிரில் வந்தால் பெயர் சொல்லி விசாரிக்க வேண்டும்.

சமையல் மாறி மாறி.

ஐசக் பொன்னையா பேச்சை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது.

முதல் ஐந்துக்கும் உடனே சரி என்றேன். ஆறாவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள்.